நடுத்தரத்து வண்டி

நடந்தவை இவை.

1. நாடு சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில், மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா வட்டாரத்தில் அடுத்தடுத்து இருந்த மூன்று சிறிய ரப்பர் தோட்டங்களுக்கும் பொதுவாக ஒரு புதிய வண்டி வாங்குவதென்று முடிவாயிற்று. நான்கு சக்கரங்களும் இழுக்கிற, காட்டுப்பாதையில் போகக்கூடிய வண்டி.
2. அந்த வண்டி மூன்று தரங்களில் கிடைத்தது. எதை வாங்குவது என்பதை ஓட்டுநரிடமே விட்டார்கள்.
3. மேல் தரத்தை வாங்கும்படி நான் சொன்னேன்.
4. அவர் நடுத்தரத்தை எடுத்தார்.
5. அந்த ஆண்டின் கடைசி மழையில் வண்டி ஓடைச் சரிவில் புதைந்தது.
6. வண்டிக்கு உள்ளே என் அக்கா பிரசவ வலியோடு படுத்திருந்தாள்.
7. அக்காவும் குழந்தையும் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

வரிசைப்படுத்தி எழுதுவது தொழிலில் வந்த பழக்கம். கோலாலம்பூரில் இரண்டு வருடம் வரைபடம் படித்துவிட்டு, மலாக்காவில் சாலைகள் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எதையும் வரிசையில் வைத்தால் எங்கே பிசகு என்று தெரிந்துவிடும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். மேலே உள்ள ஏழில் ஆறு வரிகள் எனக்கு விளங்குகின்றன. நாலாவது வரியில் இருக்கும் மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் எங்கள் வரிசையில் குடியிருந்தார். மலாக்கா நகரத்தின் காஜா பெராங்கில், செட்டிகள் வாழும் செட்டிக் கம்பத்துக்குப் பின்னால், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஐந்து வீடுகள் ஒட்டி நின்றன. முதல் வீட்டில் அம்மாவும் நானும். மூன்றாவதில் அவரும் அவர் மனைவியும். அவர்கள் குடிவந்தபோது கடைசி வீடும் காலியாகத்தான் இருந்ததாம். வீட்டுக்காரர் அதைத்தான் காட்டினாராம். இரண்டு பக்கம் ஜன்னல், பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். அதை விட்டுவிட்டு இருட்டான நடுவீட்டைக் கேட்டார் என்று அம்மா சொல்வாள்.

"முனை வீடுன்னா, எவன் வந்தாலும் அந்தக் கதவத்தான் மொதல்ல தட்டுவான்" என்றாராம்.

நாற்பது வயதுக்காரர். உயரம் என்றும் சொல்ல முடியாது, குட்டை என்றும் சொல்ல முடியாது. காக்கிச் சட்டைதான் போடுவார். புதுச் சட்டை எடுத்தால் உடனே போடமாட்டார். மனைவி அதை நாலைந்து தடவை துவைத்து, நிறம் கொஞ்சம் மங்கிய பிறகுதான் அவர் உடம்பில் ஏறும். காலர் நைந்து கிழியத் தொடங்கிய அன்றே அதைப் போடுவதை நிறுத்திவிடுவார். சந்தையில் மீன்காரர் மூன்று கூறு வைத்திருந்தால் குனிந்து பார்க்காமலே நடுக்கூறைக் காட்டுவார்.

"கண்ணு செவந்து நாறுற மீனா இருந்தாலும் அது நடுவுல கெடந்தா போதும், தூக்கிட்டு வந்துருவாரு இந்த மனுசன்" என்று அவர் மனைவி எங்கள் வாசலில் வந்து சொல்லிக்கொண்டே மீன் கழுவுவார்.

கல்யாண வீட்டில் முதல் பந்தியிலும் உட்காரமாட்டார், கடைசிப் பந்திக்கும் இருக்கமாட்டார். பஸ்ஸில் முதல் ஆளாக ஏறமாட்டார். அடையாளக் கார்டு எடுக்கப் போனபோது, முன்னால் நின்றிருந்தவர் ஒதுங்கி வழிவிட்டதும், பின்னால் இருந்த சிலரை முன்னே போகச் சொல்லிவிட்டு வரிசையின் நடுவில் போய் நின்றுகொண்டார். சுதந்திரத்தைக் கொண்டாட எல்லாரும் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனோம். கூட்டம் மூன்று முறை முழங்கியது. முதல் முழக்கத்துக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதற்குக் கையை உயர்த்திச் சத்தமாகவே முழங்கினார். மூன்றாவதற்குக் கையைக் கீழே போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த ஒரு முழக்கத்தில் அவர் கண் கலங்கியிருந்தது என்பதையும் பார்த்தேன்.

செட்டிக் கம்பத்துக்காரர்கள் அவருக்குப் 'பாக் தெஙா' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறியவர்கள், வீட்டில் பேசுவது மலாய்தான். அதில் 'பாக்' என்றால் மாமா, 'தெஙா' என்றால் நடு. காலையில் அவர் வண்டியை எடுக்கும்போது, கோயிலுக்குப் பூப்பறிக்க வரும் செட்டி வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார்.

"பாக் தெஙா, மோ பீ மானா?" எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

"சித்து சஜா" என்பார் அவர். இதோ, இங்கேதான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஒரே பதில். எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொன்னதே இல்லை.

இதையெல்லாம் படித்தால் அவரைக் கோழை என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. தோட்டங்களுக்குத் தினமும் காலையில் நகரத்திலிருந்து டிரெஸரையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிப் போவதும், ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய நோயாளிகளை ஏற்றி வருவதும் அவர் வேலை. டிரெஸர் என்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர்; அங்கே டாக்டர் மாதிரி. காசநோய் முற்றி ரத்தம் கக்கிக்கொண்டிருந்த ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரரைத் தொட்டுத் தூக்க அவர் அண்ணன் தம்பிகளே தயங்கியபோது, இவர்தான் இரண்டு கையாலும் வாரி எடுத்து வேனில் கிடத்தினார். பிள்ளைத்தாச்சிப் பெண்களை ஏற்றினால் பழைய வேனின் பெஞ்சில் இலவம்பஞ்சு மெத்தையை விரித்துவிட்டுத்தான் ஏற்றுவார். அந்த மெத்தை அவர் வீட்டுக் கட்டிலில் இருந்தது. அது திரும்பி வரும்வரை அவர் மனைவி வெறும் பலகையில் படுத்திருப்பார்.

என் அக்கா அந்தத் தோட்டங்களில் ஒன்றில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தான் அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர். அம்மா இங்கிருந்து கொடுத்தனுப்பும் ஊறுகாயும் மாசித்தூளும் அவர் வண்டியில்தான் போகும். அக்கா அங்கிருந்து அனுப்பும் வாழைத்தாரும் அவர் வண்டியில்தான் வரும். அக்கா உண்டானது எங்களுக்குத் தெரியவந்ததும் அவர் வாய் வழியாகத்தான். "அக்கா, பாப்பாவுக்கு மாங்கா வேணுமாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டார். என் அக்காவை அவர் பாப்பா என்றுதான் சொல்வார்.

அக்காவுக்கு அவரைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம். ஒருமுறை நானும் தோட்டத்துக்குப் போயிருந்தபோது கேட்டாள்.

"மாமா, நீங்கதான் எதுலயும் நடுவுல உள்ளத எடுப்பீங்களே. அப்போ எனக்கு ரெண்டாவது புள்ளதான் நல்லாருக்குமா? மொதப் புள்ளய என்ன பண்றது?"

அவர் சிரிக்கவில்லை. ரொம்ப யோசித்துவிட்டு, "மூணு பெத்துக்கம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

"கேட்டீங்களா?" என்று அக்கா அத்தானைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா கணக்குப் போட்டுட்டாரு. இன்னும் ரெண்டு."

பழைய வேன் சாகக் கிடந்தது. மழை பெய்தால் தோட்டத்துக்குள் போகவே போகாது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, வழியிலேயே இழந்தார்கள். அதன் பிறகுதான் புது வண்டிப் பேச்சு வந்தது. தோட்டங்களின் வெள்ளைக்கார மேனேஜரான துரை சீமைக்குத் திரும்பிப் போகிற நேரம் அது. போவதற்குள் அந்த வேலையை முடித்துவிட நினைத்தார். எந்தத் தரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், நீதானே ஓட்டப்போகிறாய், என்று அவரிடம் விட்டுவிட்டார். விலை ஒரு தடையாகவே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நிறையப் பேர், காசைப் பார்த்திருப்பார் என்கிறார்கள். இல்லை.

விற்பனைக் கடையில் முன்பே தந்திருந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொல்ல நான் கூடப் போனேன். போகுமுன் மூன்று தரங்களையும் மூன்று பத்தியாகப் போட்டு ஒரு தாள் தயார் செய்திருந்தேன். சாதாத் தரத்துக்குக் கித்தான் கூரை, கித்தான் பக்கமறைப்பு. வண்டி லேசு. நடுத்தரத்துக்குத் தகரக் கூரை, தள்ளித் திறக்கும் கண்ணாடி ஜன்னல், பின்னால் எதிரெதிராக நீள பெஞ்சு, கூடவே ஒரு ஹீட்டர். மேல் தரத்தில் இது அவ்வளவும் உண்டு. அதோடு இரண்டாவது பெட்ரோல் தொட்டி, கூரையில் ஒரு பெரிய விளக்கு, முன் பம்பரில் வின்ச். வின்ச் என்பது இரும்புக் கயிறு சுற்றிய உருளை. வண்டி சேற்றில் புதைந்தால் கயிற்றின் நுனியை ஒரு மரத்தில் கட்டிவிட்டு உருளையை ஓட்டினால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

கடையில் எங்களைக் கவனித்தவர் டை கட்டிய ஒரு தமிழ் முஸ்லிம் இளைஞர். வாய் ஓயாதவர்.

"ஹீட்டரா? மலாக்காவுலயா?" என்று நான் கேட்டேன்.

"சீமையிலேருந்து அப்படியே வருது தங்கச்சி. நாங்க என்ன பண்றது? சட்ட காய வச்சுக்கலாம்."

"சாதா வண்டியில வின்ச் மட்டும் தனியாப் பூட்டித் தர முடியுமா?"

"முடியாது. அது அங்கேயே பூட்டி வரணும். மேல் தரத்துக்குத்தான் வரும்." என் தாளை எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ள பாக்கப் போனாக்கூட இம்புட்டுக் கேள்வி கேப்பீங்களா தங்கச்சி?"

"மாப்பிள்ள சேத்துல மாட்டிக்கிட்டா அவரே வெளிய வருவாரு" என்றேன்.

அவர் சிரித்தார். எங்கள் ஓட்டுநர் சிரிக்கவில்லை. மூன்று வண்டிகளும் வரிசையாக நின்றன. அவர் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தார். மேல் தரத்து வண்டியின் முன்னால் போய் வின்ச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உடனே எடுத்துக்கொண்டார். பிறகு நடுவில் நின்றதன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"இது போதும்."

நான் அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன். மூன்றாவது தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓடை இறங்கி ஏறும் சரிவை எங்கள் அலுவலகத்துக்காக நானே வரைந்திருக்கிறேன். செம்மண். மழையில் வழவழவென்று ஆகிவிடும். பாலம் போடுவது பேச்சளவில்தான் இருக்கிறது. சாதா வண்டி என்றால் லேசு, ஆட்கள் தள்ளினால் ஏறிவிடும். மேல் தரம் என்றால் வின்ச் இருக்கிறது. நடுத்தரத்துக்கு மேல் தரத்தின் கனம் உண்டு, வின்ச் கிடையாது. மூன்றில் அந்தச் சரிவுக்கு ஆகாதது அதுதான்.

"நீ பேப்பர்ல வரஞ்சே. நான் தெனம் எறங்கி ஏறுறேன்."

"மழையில ஏறினீங்களா மாமா?"

"அது பழைய வேன். இது நாலு சக்கரமும் இழுக்கும்மா."

"இழுக்கும். மண்ணு புடிச்சாத்தான் இழுக்கும். அக்காவுக்கு மழைக்காலத்துலதான் நாள் வருது. நீங்கதான் ஏத்திட்டு வரணும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "முன்னுக்கு உருள வச்சு, மேல லைட்டு வச்ச வண்டி ரோட்டுல போனா, எவனாச்சும் பாக்காம இருப்பானா?"

"பாக்கட்டுமே."

"பாத்தவன் கேப்பான். கேட்டா குடுக்கணும். வண்டிய மட்டும் கேக்கமாட்டான். ஓட்டுறவனையும் சேத்துத்தான் கேப்பான்."

"யாரு மாமா கேப்பா? சப்பான்காரன் போயாச்சு. வெள்ளைக்காரனும் போயிட்டான்."

"இப்ப புதுசா வந்தவன் கேக்கமாட்டான்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அப்போதுதான் அதைச் சொன்னார். ஜப்பான்காரர்கள் வந்த சமயத்தில் அவர் வேலை பார்த்த தோட்டத்தில் மூன்று லாரிகள் இருந்தன. நல்ல லாரியை அவருடைய அண்ணன் ஓட்டினார். தினமும் சாயங்காலம் கழுவித் துடைத்து வைப்பாராம். ஜப்பான்காரர்கள் அதைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுவதற்கு அண்ணனையும் கூட்டிப்போனார்கள். சயாம் பக்கம் போனதாகக் கேள்வி. திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் தெரியும். கடைசி லாரி ஓட்டை. ஸ்டார்ட் ஆகவில்லை. வேண்டுமென்றே கெடுத்துவிட்டான் என்று அதை ஓட்டியவரை ரப்பர் ஆலை வாசலில் வைத்து எல்லார் கண் முன்னாலும் அடித்தார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். நடு லாரியை இவர் ஓட்டினார்.

"என் லாரி நம்பர எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பிக்கூடப் பாக்கல" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ஏதோ மழை நிலவரம் சொல்வதுபோலச் சொன்னார்.

இந்தக் கதையைச் சொன்னதும், ஓ, அதனால்தானா, என்று கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். எனக்கு அப்படி ஆட்ட முடியவில்லை. அந்தக் காலத்தை அனுபவித்தவர்கள் எங்கள் தெருவில் எத்தனையோ பேர். ஒருவர் சத்தம் போட்டுச் சண்டை போடுகிறவர். ஒருவர் வாங்கினால் எதிலும் முதல் தரம்தான் வாங்குவார். இருக்கிற வரைக்கும் அனுபவிப்போம் என்பார். ஒரே அடி எல்லாரையும் ஒரே மாதிரி வளைப்பதில்லை.

நடுத்தரத்து வண்டி வந்தது. சாம்பல்பச்சை நிறம். கோயில் வாசலில் நிறுத்திக் கற்பூரம் காட்டினார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறிய மறுநாளே அவர் அதன் பளபளப்பைக் குறைக்கத் தொடங்கினார். சக்கரத்திலும் கதவின் அடிப்பாகத்திலும் படிந்த சேற்றைக் கழுவாமல் விட்டுவைத்தார். ஆனால் கண்ணாடியைத் துடைத்தார், எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றினார், பிரேக்கைத் தானே படுத்துக்கொண்டு சரிபார்த்தார். ரொம்பவும் கழுவக்கூடாது, ரொம்பவும் அழுக்காக விடக்கூடாது என்று அவர் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். பக்கத்திலிருந்த பெரிய தோட்டம் அதே கடையில் மேல் தரத்தை வாங்கியது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடும் தேடுதல் இன்னும் முழுசாக ஓயாத காலம். பாதுகாப்புப் படையினர் ஒருநாள் வந்து அந்த வண்டியை இரவல் கேட்டார்கள். அதன் ஓட்டுநரும் கூடப் போனார். பல வாரம் கழித்து அவர் கையில் கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டி ஏதோ பள்ளத்தில் உருண்டுவிட்டதாம். அன்று சாயங்காலம் எங்கள் ஓட்டுநர் என்னிடம் வந்து அந்தச் செய்தியைச் சொன்னார். பார்த்தாயா என்று கேட்கவில்லை. அந்தக் கை கூடுமா கூடாதா என்றுதான் கவலைப்பட்டார். நான்தான் ராத்திரி முழுக்க, அவர் சொன்னது சரியாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மழை வந்தது.

நான் அங்கே இல்லை. இனி எழுதுவதெல்லாம் அத்தான் சொன்னது. அக்காவுக்கு நாள் இன்னும் இருந்தது. காலையில் வலி கண்டு, கூடவே ரத்தமும் போகத் தொடங்கியது. டிரெஸர் பார்த்துவிட்டு, இங்கே வைத்துப் பார்க்கிற காரியமில்லை, உடனே மலாக்காவுக்குப் போக வேண்டும் என்றார். மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். பெஞ்சில் மெத்தை விரித்திருந்தது. ஓடைக்கு இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரைக் கடந்தும் விட்டார்கள். ஏறும்போது பாதிச் சரிவில் வண்டி பின்னால் வழுக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்சக்கரங்கள் அச்சுவரைக்கும் உள்ளே போய்விட்டன.

அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். அதில் அத்தானுக்கும் சந்தேகமில்லை. கீழ் கியரில் போட்டுப் பார்த்தார். சாக்கைப் போட்டார். மரக்கிளைகளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். சேற்றில் மல்லாந்து படுத்துக் கையாலேயே மண்ணை வாரினார். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து தள்ளினார்கள். கொஞ்சம் ஏறும், திரும்ப வழுக்கும். ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் உள்ளே அக்கா கத்தினாள். கரையின் மேலே, கயிறு எட்டும் தூரத்தில், நல்ல முதிர்ந்த ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றன. அத்தானுக்கு அது மட்டும் திரும்பத் திரும்ப நினைவு வருகிறது.

அக்கா கத்துவதை நிறுத்தினாள். வண்டியை விட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போவோம் என்று டிரெஸர் சொன்னார். பெஞ்சுப் பலகையைக் கழற்றி, அதில் அவளைக் கிடத்தி, நாலு மூலைக்கு நாலு பேர் பிடித்தார்கள். பலகை சிறியது. ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. ஓட்டுநர் மழையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு பக்கம் வந்தார், அடுத்த பக்கம் போனார், பிறகு பலகைக்குப் பக்கத்திலேயே, அக்கா முகத்தில் மழை விழாமல் தன் இரண்டு கையையும் விரித்துக் குடைபோலப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பெரிய ரோட்டை அடைந்தபோது டிரெஸர் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அந்த வழியாக வந்த முதல் லாரி நிற்கத்தான் செய்தது. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அதை அப்படியே காஜா பெராங்குக்கு, எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள்.

சாவு வீட்டில் அவர் வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சேற்றுச் சட்டையை மாற்றவில்லை. பொழுது சாயும்போது அம்மா எழுந்து வெளியே வந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"ஏன் தம்பி, அந்தப் பெரிய வண்டிய எடுத்திருந்தா ஒன் உசுரா போயிருக்கும்?"

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"ஆமாக்கா. அப்படித்தான் நெனச்சேன்."

அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினார். அவர் அந்தக் கையை மெல்ல விலக்கினார். அம்மா என்னிடம், "அவருக்குக் குடிக்கத் தண்ணி குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது, "நீ சொன்னேம்மா" என்றார். அன்று எதைச் சொல்லியிருந்தாலும் அது அவரைக் கொன்றிருக்கும். கொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தோன்றியது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

வண்டியை மறுநாள் எருமை பூட்டி இழுத்தார்கள். அது மறுபடியும் ஓடியது. அவரே ஓட்டினார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போவார். வேண்டாம் என்று அம்மா ஆள் விட்டுச் சொல்லியும் கேட்கவில்லை.

ஓராண்டு கழித்துப் புது மேனேஜர் வந்தார். தமிழர். இரண்டாவது வண்டி ஒன்று வாங்கப்போவதாகவும், இந்த முறையும் டிரைவரிடமே கேட்கப்போவதாகவும் அத்தான் வந்து சொன்னார். நான் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு அத்தானோடு தோட்டத்துக்குப் போனேன். மேனேஜர் முன்னால் சரிவின் வரைபடத்தை விரித்து, மூன்று தரங்களையும், எடைகளையும், மழைக்காலத்தில் அந்த வழியாக வரவேண்டிய பெண்கள் எத்தனை பேர் என்பதையும் சொன்னேன். அந்த ஆண்டு அங்கே உண்டாகியிருந்தவர்களின் பெயர்களை அக்காவின் சிநேகிதிகளிடம் கேட்டு வைத்திருந்தேன். மேனேஜர் மேல் தரத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் அறையின் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி வந்த நாளில், சாயங்காலம், அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். அக்கா போன பிறகு அவராக வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"சாவியக் குடுத்துட்டேம்மா."

"ஏன் மாமா?"

"ஒக்காந்து பாத்தேன். மேனேஜரு ஓட்டிக் காட்டுன்னாரு. கிளச்ச அமுக்க முடியல."

"இனிமே யாரும் கேக்கமாட்டாங்க மாமா. நம்ம பக்கம் தேடுதல்கூட முடிஞ்சுபோச்சு."

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். அன்னைக்கும் சரியாத்தான் சொன்னே." பலகைச் சுவரில் சாய்ந்துகொண்டார். "கண்ண மூடினா நம்ம பாப்பாதான் தெரியுது. சரி, ஏறிடுவோம்னு ஏறுறேன். ஏறினதும் எங்கண்ணன் தெரியுறான். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அவர் பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தார். கொசு அடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சில மாதங்களில் அவரும் மனைவியும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் கடிதம் போடவில்லை. அம்மா முதலில் எதிர்பார்த்தாள், இப்போது எதிர்பார்ப்பதில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு தையல்காரர் குடும்பம் இருக்கிறது. அத்தான் மறுமணம் செய்துகொண்டார், நாங்கள் போயிருந்தோம்.

ஓடைக்கு இன்னும் பாலம் கட்டவில்லை. மேல் தரத்து வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார். அதை இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. மழைக்காலத்தில் அது சரிவில் புதையத்தான் செய்கிறது. கயிற்றைக் கொண்டுபோய்க் கரைமேல் இருக்கும் ரப்பர் மரத்தில் கட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடுகிறது. பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.